நலோங்கோ மூன்று பள்ளி பார்த்தாள்

ஃப்ளோரா நன்டுமே எனக்குத் தம்பி பெண்டாட்டி. உடன்பிறந்த தம்பி இல்லை. என் அப்பா யோகானாவின் இளையவர் யோசியா சித்தப்பா, அவருடைய நடுமகன் எரியா. அவனுக்குத்தான் அவளைக் கட்டியது. எங்களில் அதுவும் தம்பிதான்.

முதல் பிரசவமே இரட்டைப் பெண். அன்றிலிருந்து ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இரட்டை பெற்றவள் நலோங்கோ. கிழவனும் அவளை அப்படித்தான் அழைக்கவேண்டும். முதலில் வந்தவள் பாபிரியே, அடுத்தவள் நகாட்டோ. நகாட்டோ வரத் தாமதமானது, வந்தும் அழவில்லை. நாலு வயதில்தான் நடந்தாள். வலது கை நெஞ்சோடு மடங்கியே இருக்கும். பேச்சு மெதுவாக வரும், ஆனால் வரும். எங்கள் ஊர் வழியாக மசாகா சாலையில் போகிற லாரிகளை எண்ணிக்கொண்டே இருப்பாள், ஒன்று தப்பாது.

அரசாங்கம் பள்ளிச் சம்பளத்தை எடுத்துவிட்ட வருஷம் இருவருக்கும் வயது ஏழு. நலோங்கோ பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் குன்றுப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி ஜன்னல் வைத்த பள்ளி, பரீட்சையில் பேர் வாங்கிய பள்ளி. பிறப்புச் சீட்டு அந்நாளில் யாரிடம் இருந்தது? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் வயது வந்துவிட்டது என்று கணக்கு. பாபிரியே தொட்டாள். நகாட்டோவின் கை தோளுக்கு மேலே ஏறவில்லை.

"இவளுக்கு இன்னும் வயசாகல. அடுத்த வருஷம் கொண்டா," என்றார் தலைமை ஆசிரியர்.

"ஐயா, ரெண்டும் ஒரே வயித்துல, ஒரே காலையில பொறந்தது. ஒண்ணுக்கு ஏழு, இன்னொண்ணுக்கு ஆறா?"

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மூத்தவளை விட்டுட்டுப் போ. சின்னவளை வீட்ல வச்சுக்க."

நலோங்கோ இருவரையும் திரும்பக் கூட்டிவந்துவிட்டாள்.

வீட்டில் நாங்கள் அவளைப் பிடித்துக்கொண்டோம். நானும்தான் சொன்னேன். "ஒருத்தியாவது படிக்கட்டுமே. நகாட்டோ வீட்ல எனக்குத் துணையா இருக்கட்டும்."

"அண்ணி, போன ஈஸ்டருக்கு நீங்க பாபிரியேவுக்கு மட்டும் கவுன் தைக்கலாம்னு போனீங்க. பாதி வழியில பயந்து திரும்பி வந்து இன்னொண்ணுக்கும் துணி வாங்கினீங்க. எதுக்கு?"

எதற்கென்று அவளுக்கும் தெரியும். இரட்டையில் ஒன்றுக்குச் செய்து ஒன்றை விட்டால் விட்டவர் உடம்பில் தீப்புண் வரும் என்பது எங்கள் பயம். என் சித்தி ஒருத்திக்கு வந்திருக்கிறது.

"துணிக்கே அப்படின்னா படிப்புக்கு எப்படி அண்ணி?" என்றாள். எரியா வாழைக்காய் லாரி ஓட்டுகிறவன். "நீயே பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தலைநகர் கம்பாலாவுக்குப் போய்விட்டான்.

அடுத்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருக்கும் விடுதிப் பள்ளிக்கு ஒரு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்து வந்தாள். குறை சொல்லவில்லை. "சுத்தமா வச்சிருக்காங்க. பொறுமையான கன்னியாஸ்திரிங்க. ஆனா நகாட்டோவை மட்டும்தான் எடுப்பாங்களாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கலாமாம். அவ பேசறதை முழுசாப் புரிஞ்சிக்கிறவ பாபிரியே ஒருத்திதான். அவளை இங்க விட்டுட்டு இவ அங்க யார்கிட்ட பேசுவா?"

அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவள் சாலையோரம் பழுத்த வாழையைச் சுட்டு விற்பவள். கரியடுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு மறுபடி குன்றுப் பள்ளி வாசலுக்கே போனாள். ஒரு வாரம் அங்கே வியாபாரம், கண் மட்டும் உள்ளே. அந்தப் பள்ளியில் காது மந்தமான ஒரு பெண் இருந்தாள். காலையில் மணி அடித்ததும் ஒரு ஆசிரியை தன் கைக்குழந்தையை அவள் முதுகில் கட்டிவிடுவாள். சாயங்காலம்வரை மாமரத்தடியில் குழந்தை ஆட்டுவதுதான் அவளுக்குப் படிப்பு.

அடுத்த வாரம் கீழே சதுப்பு நிலத்தோரம் இருக்கும் சதுப்புப் பள்ளி வாசல். அங்கே கூரைத் தகரத்தில் ஓட்டை. ஒரு வகுப்பில் நூற்றுக்கு மேல் பிள்ளைகள். பாதிப் பேர் பெஞ்சில், பாதிப் பேர் தரையில். கால் வளைந்த பெண் ஒருத்தி இருந்தாள். இடைவேளையில் பந்தை எறிந்து அடித்து விளையாடும்போது மற்றவர்களுக்கு ஒரு அடி பட்டால் ஆட்டம் போச்சு, அவளுக்கு மட்டும் இரண்டு அடி பட்டால்தான். இது பிள்ளைகளே வைத்த சட்டம். புதன்கிழமை அந்தப் பெண் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தாள். ஒண்ணாம் வகுப்பு டீச்சர் நஜ்ஜெம்பா மற்ற சோம்பேறிகளோடு அவளையும் வெளியே நிறுத்தி வசைபாடினாள்.

அன்றைக்கு நலோங்கோ சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். "கெடைச்சிருச்சு அண்ணி! அங்க எல்லாரையும் ஒண்ணா திட்டுறாங்க!"

மறுநாள் பிள்ளைகளோடு நானும் கூடப் போனேன். எங்களில் பெண்கள் மரியாதைப்பட்டவர்களுக்கு முழங்காலிட்டுத்தான் வணக்கம் சொல்வோம். நலோங்கோவும் டீச்சர் முன்னால் முழங்காலிட்டாள். எழுந்திருக்கவில்லை.

நஜ்ஜெம்பா டீச்சர் நகாட்டோவைப் பார்த்தாள். காதைத் தொடச் சொல்லவில்லை. "அம்மா, நூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க. கக்கூஸ் சரிவுக்குக் கீழே இருக்கு. இவளை யார் கூட்டிட்டுப் போவா?"

"இவ அக்கா போவா. மழையில நான் வருவேன். வாசல்லதானே அடுப்பு."

"எழுதறது?"

"இடது கை இருக்கே."

"எழுந்திரும்மா. இரட்டை பெத்தவ என் முன்னாடி மண்ணுல இருந்தா ஊரு என்னைப் பேசும்."

"பேரை எழுதுங்க டீச்சர், எழுந்திருக்கிறேன்."

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "சரி, ஒண்ணு பண்ணலாம். பாபிரியேவைச் சேர்த்துக்கறேன். இவளை ஒரு தவணை, மூணு மாசம், சும்மா உட்கார வச்சுப் பார்க்கலாம். முடியலேன்னா..."

"பாபிரியேவையும் ஒரு தவணைதான் பார்ப்பீங்களா?"

நலோங்கோவுக்கு முட்டி வலித்திருக்கும், தரை அத்தனை கல். நான் அவள் தோளைத் தொட்டேன், கையைத் தட்டிவிட்டாள்.

கடைசியில் டீச்சர் பெரிய ஏட்டைப் பிரித்தாள். "எதை முதல்ல எழுத? எனக்குத் தீப்புண் வேண்டாம்."

"பொறந்த வரிசையில எழுதுங்க," என்று சொல்லி, இரண்டாவது பெயரின் மை காயும்வரை பார்த்துவிட்டுத்தான் நலோங்கோ எழுந்தாள்.

திங்கட்கிழமை, முதல் பெஞ்சில் இருந்த ஆறு பிள்ளைகள் முனகிக்கொண்டே நகர்ந்து எட்டுப் பேராக உட்கார்ந்தார்கள்.