மண்ணைக் கவ்வும் சுகம்

“செத்துட்டேன்,” என்று சொல்லிவிட்டு, லாண்டரிக்காரர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, அத்தியாயத்தின் முதல் வரியில் மறுபடி விரலை வைத்தார். துணி போட வந்திருந்த அம்மாள் பதறிப்போய் அவர் முகத்தைப் பார்த்தார்.

“பயப்படாதீங்க. படிக்கிறது புரியலைன்னா அப்படித்தான் சொல்வார். சாயங்காலத்துக்குள்ள இன்னும் நாலஞ்சு தடவை சாவார்,” என்று இஸ்திரி மேசையிலிருந்த மனைவி எழுந்து வந்து மூட்டையை வாங்கிக்கொண்டார்.

ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது லாண்டரிக்காரருக்கு. படிப்பது தத்துவம். சுற்றுகிற சலவை மெஷின்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேதான் படிப்பார்; உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுமாம். ஒரு வாக்கியம் பிடிபட்டால் குதிகாலைத் தூக்கி லேசாக ஒரு எம்பு. பிடிபடாவிட்டால் அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும் என்பது தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது கள்ள ஆட்டம்.

ஆட்டம் என்றுதான் சொல்வார். போன வருஷம் வரை அவருடைய உலகம் வீடியோ கேம். அதிலும் சுலபமானதைத் தொடமாட்டார். வாசலிலேயே ஒரு முரடன் நின்று புரட்டி எடுக்க வேண்டும். நாள்கணக்கில் மல்லுக்கட்டினால்தான் அடுத்த கதவு திறக்க வேண்டும். ஆடி ஆடி மணிக்கட்டு வீங்கிப்போய், இனி கன்ட்ரோலரைத் தொட்டால் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எதையோ பறிகொடுத்தவர் போலக் கடைக்குள் வளைய வந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான் ஒரு கல்லூரிப் பெண் தன் பாடப்புத்தகத்தை பெஞ்சில் மறந்துவிட்டுப் போனாள். நாம் விழித்திருக்கிறோமா, கனவு காண்கிறோமா என்பதை எப்படி உறுதியாகச் சொல்வது என்று தொடங்கியது முதல் அத்தியாயம். சும்மா புரட்டியவர் முதல் பக்கத்திலேயே மண்ணைக் கவ்வினார். முகம் மலர்ந்துவிட்டது.

“எடுத்த எடுப்புலயே சாகடிக்குது பாரு. அப்ப நல்ல கேமாத்தான் இருக்கும்,” என்றார் மனைவியிடம்.

புத்தகத்தைத் தேடிக்கொண்டு அந்தப் பெண் வந்தபோது, அத்தியாயம் முடியாமல் தரமாட்டேன் என்று அடம்பிடித்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டு, பொதுமக்களுக்கென்று நடக்கும் மாலைத் தத்துவ வகுப்பு ஒன்றைப் பற்றிச் சொல்லிப் புத்தகத்தை மீட்டுக்கொண்டு போனாள்.

அந்த வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் விளக்கவுரைகளைத் தொடுவதில்லை. “வேற ஒருத்தன் ஆடி ஜெயிச்சதை வீடியோவுல பாத்துட்டு, நான் ஜெயிச்சேன்னு காலரைத் தூக்கிவிட்டுக்க முடியுமா?” என்பார். எந்த அறிஞரின் வாதமானாலும் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்பார். ஆள் அசரும் இடம் தெரிந்ததும் ஒரே போடு. கேம் கற்றுக்கொடுத்த வித்தை.

அந்த வித்தையில் வீட்டில் அடிபட்டவர் மனைவி. கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கேட்டுக் கேட்டு அலுத்தும் விடவில்லை.

“ஒரு நாளாவது எங்கயாவது போலாங்க.”

“போய் என்ன பண்ணப் போறோம்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா உக்காந்திருப்போம்.”

“அதை இங்கயே பண்ணலாமே. மெஷின் சுத்துறப்ப சும்மாதானே உக்காந்திருக்கோம்?”

மனைவி அடுத்த சட்டையை எடுத்துப் போட்டு, தேவைக்கு அதிகமாகவே அழுத்தித் தேய்த்தார். லாண்டரிக்காரர் குதிகாலைத் தூக்கி ஒரு எம்பு எம்பினார். மனிதர் நல்லவர்தான், ஆனால் அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும்.

வகுப்பு டீச்சருக்கும் வந்திருக்க வேண்டும். “நீங்க எப்பவும் அடிக்கிற பக்கமே நிக்கிறீங்க. ஒரு வாரம் எதிராளிக்காக ஆடுங்க. உங்களோட ஒத்துப்போகாத ஒருத்தரை எடுத்துக்கிட்டு, அவங்க வாதம் கீழ விழாத மாதிரி நிறுத்துங்க. மத்தவங்க அடிப்பாங்க,” என்றார்.

தேடி அலைய வேண்டாம் என்று லாண்டரிக்காரர் மனைவியின் ஞாயிறு விடுமுறை வாதத்தையே எடுத்துக்கொண்டார். வகுப்பில் எழுந்து நின்று மனைவியின் கட்சியைச் சொல்லி முடித்ததும், பின் பெஞ்சிலிருந்த பஸ் டிரைவர் அவருடைய ஆயுதத்தையே அவர்மேல் வீசினார். “கடையிலயே சும்மாதானே உக்காந்திருக்காங்க? அப்புறம் எதுக்கு லீவு?”

லாண்டரிக்காரருக்கு, இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மனைவி பெஞ்சில் உட்காரும் விதம் கண்ணெதிரே வந்தது. முதுகு சாயாது. ஒரு கால் எப்போதும் முன்னே நீட்டியிருக்கும், எழுந்திருக்கத் தயாராக.

“அவ சும்மா உக்காந்திருக்கலீங்க,” என்றார் மெதுவாக. “மெஷின் எப்ப நிக்கும்னு உக்காந்திருக்கா. அதுவும் வேலைதான். இத்தனை வருஷத்துல அவ உக்காந்தே நான் பாத்ததில்ல.”

இப்போது அடிக்கிற பக்கத்துக்கே திரும்பிப் போய் இதை ஜெயித்துக் காட்டுங்கள் என்றார் டீச்சர். லாண்டரிக்காரர் ஓட்டை தேடினார், சந்து தேடினார். வாதம் அசைந்து கொடுக்கவில்லை.

“வழியே இல்ல டீச்சர்,” என்று உட்கார்ந்தவரின் முகத்தில் ஏகப்பட்ட சந்தோஷம். அந்தச் சந்தோஷம் வீடு போய்ச் சேரும்வரைதான் தாங்கியது. வகுப்பில் தோற்பதற்குச் செலவில்லை. இங்கே தோற்றால் கடையை மூட வேண்டும். அந்த வாரம் முழுக்க அவர் புத்தகத்தைத் தொடவில்லை. மனைவி உட்காரும்போதெல்லாம் முன்னே நீட்டிய அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு இந்த மனுஷனுக்கு என்று மனைவி குழம்பிப்போனார்.

ஞாயிறு காலை, கடை வாசலில் விடுமுறை என்று எழுதிய அட்டையை லாண்டரிக்காரர் மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி புதுச் செருப்பும் தண்ணீர் பாட்டிலுமாக, இன்னும் நம்பாமல், பக்கத்தில் நின்றார். வழக்கமாக வரும் அக்கவுண்டன்ட் பெரிய மூட்டையோடு வந்து நின்றார்.

“என்னண்ணே இது? எங்களுக்கெல்லாம் ஞாயித்துக்கிழமைதானே துவைக்க நேரம்? அன்னைக்குப் பாத்து மூடினா எப்படி?”

நல்ல வாதம். லாண்டரிக்காரரின் கண்கள் பளபளத்தன, குதிகால் தரையைவிட்டு எழும்பியது. ஐயோ, ஆரம்பித்துவிட்டார் என்று மனைவி தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

லாண்டரிக்காரர் குதிகாலை இறக்கினார். ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போடாமல் மனைவியின் கையில் வைத்து, அந்த விரல்களை மூடிவிட்டார்.