கட்சரின் முதுகுக்குப் பின்னால்

அந்த மனுசனோடு எனக்கு முதல் நாளே ஒத்துவரவில்லை. பேஸ்போல் நடுவர் பயிற்சிக்கு மன்னாரிலிருந்து இரண்டே பேர்தான் போயிருந்தோம். தீவுப் பள்ளிக்கூடமொன்றில் விளையாட்டு ரீச்சராக இருந்த நான், விடத்தல்தீவுப் பக்கத்து மாஸ்டரான அவர். "பொம்பிளையளுக்கு மாஸ்க்கைப் போட்டா கண் தெரியுமோ?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். வகுப்பே சிரித்தது.

அடுத்த வருடம் பெண்பிள்ளைகளின் இறுதிப் போட்டி. ஓரணிக்கு அவர் பயிற்சியாளர். ஓடி முடிக்கிற தளமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் நடுவர் நான். சோளகக் காற்றில் மணல் பல்லுக்குள் நறநறத்தது. இரண்டு ட்ராக்டர் பெட்டி நிறைய அவருடைய ஊர்ச்சனம் வந்திருந்தது. நான் சொன்ன ஒவ்வொரு முடிவுக்கும் ஊளையிட்டார்கள். அவர் அடக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசிச் சுற்று. அவருடைய அணிக்குச் சமப்படுத்த ஒரு ஓட்டம் வேண்டும், இன்னுமொரு அவுட் விழுந்தால் தோல்வி. பந்து வலப்பக்கம் அடிபட்டுப் போக, இரண்டாம் தளத்தில் நின்ற அவருடைய அணிப் பிள்ளை மூன்றாம் தளத்தைச் சுற்றிக்கொண்டு ஹோமை நோக்கி ஓடி வந்தாள். ஹோமடியில் பந்து பிடிக்க நின்ற கட்சரிடம் பந்தும் வந்து சேர்ந்தது. ஓடிவருபவள் ஹோமைத் தொடமுன் பந்துள்ள கையுறையால் அவளைத் தொட்டால்தான் அவுட்.

இப்படியான நேரத்தில் நடுவர் கட்சரின் பின்னாலிருந்து விலகவேண்டும். கையுறைக்கும் ஓடிவருபவளுக்கும் இடையிலுள்ள வெளி தெரிகிற இடத்துக்குப் போய் நிற்கவேண்டும். பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் அசையவில்லை. கட்சர் இடப்பக்கம் திரும்பிக் குனிந்தாள். அவளுடைய முதுகும் கிளம்பிய புழுதியும்தான் எனக்குத் தெரிந்தன.

"அவுட்!" என்றேன். தோற்றுப்போகட்டும் என்று நினைத்தேனா? நினைத்தேன்.

விழுந்து எழும்பிய பிள்ளையின் முழங்கால் உரிந்திருந்தது. "என்னில படேல்லை ரீச்சர்" என்றாள். சனப்பக்கமிருந்து ஒரு தண்ணிப் போத்தல் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. அவர் நடந்து வந்தார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை.

"எதைப் பாத்து அவுட் சொன்னனீங்கள்? கட்சர்ப் பிள்ளையின்ர முதுகையோ?" இரண்டடி பக்கமாக எடுத்து வைத்துக் காட்டினார். "இஞ்ச நிண்டிருக்கோணும். ரெண்டு பேரும் ஒரே வகுப்பிலதானே படிச்சனாங்கள்?"

"வெளியில போங்கோ. இல்லாட்டி உங்களை நீக்குவன்."

தளங்களுக்குப் பக்கத்தில் நின்ற மற்ற நடுவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆட்டம் முடிந்தது.

பரிசளிப்புக்குப் பிறகு தண்ணிக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். வென்ற அணியின் கட்சர் பிள்ளை வந்து பக்கத்தில் நின்றாள். கழுத்தில் பதக்கம்.

"ரீச்சர், நான் அவவைத் தொடேல்லை."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளை மனதுக்குள் திட்டினேன். பிறகுதான் வெட்கம் பிடித்தது. நான் அந்தத் தொடுகையைக் காணாமலே அவுட் கொடுத்தேன் என்று வலயக் கல்விக் கந்தோருக்கு எழுதிக் கொடுத்தேன். முடிவு முடிவுதான் என்று பதில் வந்தது. விளையாட்டு ஆசிரியர்களின் அடுத்த கூட்டத்தில் அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ரீச்சருக்குக் கடிதம் எழுதத் தெரியுது. ரெண்டடி நடக்கத்தான் தெரியேல்லை."

அதன்பின் பின்னேரங்களில் வெறும் மைதானத்தில் தனியே பழகினேன். பந்து அடிபட்டதாக நினை, மாஸ்க்கைக் கழற்று, பக்கத்துக்கு ஓடு, நில், பார். வேலியோரம் நின்று சிரித்தவர்களும் உண்டு.

அடுத்த வருடமும் அவருடைய அணி. அதேமாதிரி ஒரு பிள்ளை ஹோமுக்கு ஓடி வந்தாள். இம்முறை நான் பக்கத்தில் நின்றேன். கையுறை அவளுடைய கணுக்காலில் பட்டதைத் தெளிவாகக் கண்டு அவுட் கொடுத்தேன். சனம் ஊளையிட்டது. வாங்கிலிருந்து எழும்பிய அவர், நான் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிப்போய் இருந்துவிட்டார். இன்றைக்கும் நாங்கள் பேசுவதில்லை.