முகத்தில் துணி கட்டிய கார்

வெந்த துருவுக்கு ஒரு மணம் உண்டு. இரும்பும் கிணற்றுநீரும் பழைய எண்ணெயும் ஒன்றாய்க் கொதித்து, மூடி திறந்த கணத்தில் முகத்தில் வந்து அறையும் மணம். போன வாரம் பாறசாலையில் நடுவழியில் நின்றுபோன பேருந்தின் ரேடியேட்டரை ஓட்டுநர் கந்தல் சுற்றித் திறந்தார். பயணிகள் மூக்கைப் பொத்தி விலகினார்கள். நான் விலகவில்லை. அந்த ஆவிக்குள் இன்னமும் என் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு காளைகள் இழுத்து வரும் காரில், ஓட்டத் தெரியாதவள், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி.

எல்லைப் போராட்ட வருடங்கள் அவை. எங்கள் ஊர்கள் தமிழோடு போகுமா, மலையாளத்தோடு நிற்குமா என்று சாயாக்கடைகளில் இரண்டு மொழியிலும் அடித்துக்கொண்டிருந்தோம். அக்காவைக் கட்டிய அத்தானுக்குச் செங்கல் என்ற ஊர்ப்பக்கம் மரக்கடை. எந்தத் தமிழ் ஊர்வலமானாலும் முன்னால் அவருடைய கார் போகும். கார் என்றால், அப்பா தென்னந்தோப்பை விற்றுக் கல்யாணத்துக்குக் கொடுத்தது. பழையதுதான், ஆனால் நல்லது. நெய்யாற்றின்கரையில் ஒரு பஸ் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த நானே பார்த்துப் பொறுக்கியது.

அந்தக் காரைத்தான் காளை பூட்டித் தனுவச்சபுரத்தில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு இழுத்து வந்தார். திருப்பி வளைக்க ஆள் வேண்டுமே என்று அக்காவை உள்ளே உட்காரவைத்து, தான் குடை பிடித்துக் கூட நடந்து வந்திருக்கிறார். வழியெல்லாம் ஊர்க்காரர் சிரிப்பு. சாட்சிக்குச் சபை மூப்பரையும் கூட்டி வந்திருந்தார்.

"ரேடியேட்டர்ல ஊத்துற வெள்ளம் ஒண்ணும் நிக்கல்ல மூப்பரே," என்றார் அத்தான். "இந்த வீட்டுல இருந்து வந்த ரெண்டும் அப்பிடித்தான். உள்ள ஒண்ணும் தங்காது."

அக்காவுக்கு இரண்டாவது கரு கலைந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. மூப்பர் தொண்டையைச் செருமினார். அப்பா நாற்காலி கொண்டுவர உள்ளே ஓடினார்.

"எலே மச்சினா, நீ பெரிய மெக்கானிக்காக்கும். தரும்போ வண்டி நல்லாத்தான் இருந்துதுன்னு காட்டு. காட்டினா இவளக் கூட்டிட்டுப் போறேன். இல்லியா, ரெண்டும் இஞ்ச கிடந்து துருப்பிடிக்கட்டு."

ஞாயிறு ஆராதனை முடிந்து வருவதாகச் சொல்லிப் போனார். அக்கா தன் தகரப்பெட்டியைப் பின்சீட்டிலிருந்து இறக்கவிடவில்லை. "இருக்கட்டும் மக்கா. போக வேண்டியதுதானே?" என்றாள்.

நான் காரோடு படுத்தேன், எழுந்தேன். அடியில் உலர்ந்த சாம்பலைப் பரப்பி ரேடியேட்டரை நிறைத்தேன். காலையில் சாம்பலில் ஒரு பொட்டு ஈரமில்லை. குழாய்களில் வெடிப்பில்லை, பம்பில் கசிவில்லை. ஆனால் எஞ்சினை ஓடவிட்டதும் நீர் குறைந்தது. ரேடியேட்டர் வாயில் குமிழ் குமிழாய்க் காற்று வந்தது. புகைக்குழல் வெள்ளையாய் மூச்சு விட்டது. எண்ணெய்க் கம்பியை உருவினேன். கறுப்பு எண்ணெய் பால்சாயா நிறத்தில் வழிந்தது. வெளியே ஒழுகாத நீர் உள்ளுக்குள் ஒழுகுகிறது. தன் தண்ணீரைத் தானே குடித்து, தானே எரித்து, யாருக்கும் தெரியாமல் வற்றும் வண்டி.

எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினேன். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, பள்ளிக்கூடச் சாக்பொடியைத் தூவினேன். வெள்ளைப் பொடியில் மெல்ல ஒரு கறுப்புக் கோடு ஊறி வந்தது. தலைமயிர் கனத்தில் ஒரு வெடிப்பு. பழைய வெடிப்பாய் இருந்தால் உள்ளே கரி ஏறியிருக்கும். இது புதிது.

ஏன் வெடித்தது? காரின் முன்கம்பிகளில் பதில் இருந்தது. சிவப்புச் சாயம், அரைகுறையாய்ப் பதிந்த எழுத்துகள். ஊர்வலத்துக்கு இரட்டைத்துணி பேனரை ரேடியேட்டருக்கு முன்னால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதிலிருந்த வரி நான் எழுதிக் கொடுத்தது. வெயிலில், நடை வேகத்தில், மூக்கைப் பொத்தியபடி கார் தமிழுக்காக ஊர்ந்திருக்கிறது. காற்றில்லாமல் கொதித்திருக்கிறது. கொதித்த எஞ்சினில் யாரோ பச்சைக் கிணற்றுநீரைக் கொட்டியிருக்கிறார்கள். பழுத்த இரும்பு தாங்குமா?

"எலே, காட்டிருவியா?" என்று அக்கா கேட்டாள்.

"காட்டிருவேன்."

அவள் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஞாயிறு அத்தானும் மூப்பரும் வந்தார்கள். முற்றத்தில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தேன். சாயம், சாக்பொடி, கறுப்புக் கோடு. நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். தரும்போது வண்டியில் குற்றமில்லை, பேனரால் கொதித்தது, கொதித்ததில் பச்சைத்தண்ணீர் ஊற்றியதால் வெடித்தது. மூப்பர்கூடத் தலையாட்டினார்.

அத்தான் குனிந்து வெடிப்பை நகத்தால் நீவிப் பார்த்தார். நிமிரும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

"அப்போ ஊத்தின ஆளாக்கும் பொட்டிச்சது?"

"ஆமா."

"மூப்பரே, கேட்டீரா? இவன் வாயால சொல்லியாச்சு. இனி ஊத்தினது ஆருன்னு இவனுக்க அக்காளிட்ட கேளும்."

யாரும் கேட்கவில்லை. அக்காவே சொன்னாள். ஊர்வலம் அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது. அத்தனை ஆண்களுக்கு நடுவில், "செவிடீ, வெள்ளம் கொண்டுவாடீ, ஊத்துடீ!" என்று இவர் கத்தியிருக்கிறார். அவள் குடத்தோடு ஓடி வந்து ஊற்றியிருக்கிறாள்.

"நான் ஊத்தச் சொன்னா ஊத்திருவியா?" என்றார் அத்தான். "உனக்குப் புத்தியில்லியா? வயித்துல வந்ததையும் இப்பிடித்தான் கெடுத்த. இப்போ வண்டிய."

நான் எழுந்தேன். அப்பா என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "மக்கா, மாப்பிள்ளையிட்ட ஒரு மாப்பு கேட்டிரு. தீர்ந்துரும்," என்றார். அப்பாவின் குரலில் கெஞ்சல் இருந்தது. அது அவளை நோக்கிய கெஞ்சல் இல்லை.

"ஜெபிப்போம்," என்றார் மூப்பர்.

"நீங்க ஜெபியுங்க. எனக்குப் பாறசாலையில கூட்டம் உண்டு." அத்தான் குடையை விரித்தார்.

அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. காரின் பின்கதவைத் திறந்து தகரப்பெட்டியைத் தானே இழுத்து இறக்கினாள். பெட்டி முற்றத்தில் விழுந்த சத்தத்தில் அத்தான் திரும்பிப் பார்த்தார். பெட்டிக்கு அடியில் மடங்கிக் கிடந்த பேனரை அவள் எடுத்தாள். உதறினாள். அவசரமே இல்லாமல், மூலைக்கு மூலை சேர்த்து, சாயம் பரவிய என் வரி உள்ளே போகும்படி நான்காய் மடித்தாள். வாசல்வரை நடந்து போய் நீட்டினாள்.

"இத மறந்துட்டுப் போறியளே. அடுத்த வண்டிக்க மூஞ்சியில கட்டுறதுக்கு வேணுமில்லா?"