பெரிய கங்காணியின் மட்கார்டுகள்

எங்கள் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரையின் ரேஸ் கார் மண்மேட்டில் மோதிய அன்றைக்கு எனக்கு வந்தது கவலை இல்லை, எரிச்சல்தான். "மழை பேஞ்சிருக்குங்க, அந்த முடக்குல மெதுவா திருப்புங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மனுஷன் கேட்டால்தானே! இடது பக்கம் மண்மேட்டில் இடித்து, அங்கிருந்து துள்ளி வலது பக்கம் மதகுச் சுவரில் இடித்து, முன் சக்கரங்களை மூடியிருந்த மட்கார்டு இரண்டும் கசங்கிப் போயின. அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. இறங்கி நின்று சிரித்துக்கொண்டே, "நுவரெலியா ரேசுக்கு முந்தி சரி பண்ணிரு" என்று சொல்லிவிட்டு நடந்தே பங்களாவுக்குப் போய்விட்டார்.

நான் அப்போது ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிற்சாலைப் பட்டறையில் பிட்டர். கொழுந்து அரைக்கிற மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. துரையின் காரைப் பார்த்துக்கொள்வது என் பைத்தியம். உலக யுத்தத்துக்கு முந்திய வண்டி அது. வருஷத்துக்கு ஒரு தடவை நுவரெலியாவில் துரைமார் தங்கள் சொந்தக் கார்களை மேட்டுப் பாதையில் ஏற்றிப் பந்தயம் விடுவார்கள். எங்கள் கார் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஆனாலும் அந்த எஞ்சின் சத்தம் கேட்டால் எனக்குச் சோறு வேண்டாம்.

மட்கார்டின் தகரம் துருவேறி அப்பளமாகியிருந்தது. தட்டி நிமிர்த்தப் பார்த்தேன், பொத்துக்கொண்டது. புதிதாக வாங்கலாமென்றால், வெளிநாட்டுச் சாமான் வருவதையே அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்த காலம். அதோடு அந்த மாதிரிக் காரைச் செய்வதைக் கம்பெனி நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. டிக்கோயாவில் கராஜ் கராஜாக ஏறி இறங்கினேன். ராகலையில் அதே கம்பெனி மட்கார்டு ஒன்று கிடக்கிறதென்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் எடுத்து வந்தேன். லீக்ஸ் காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "என்னா தம்பி, இம்புட்டுப் பெரிய சட்டி! எந்தக் கோயில்ல சோறு போடுறாங்க?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. பட்டறையில் வைத்துப் பார்த்தால் அது இரண்டு வருஷம் பிந்திய காருடையது. வளைவு அகலம். போல்ட் ஓட்டைகள் ஒரு விரல் தள்ளி இருந்தன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் உரசியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

அச்சாகப் பொருந்துவது எங்கே இருக்கிறதென்று எனக்கு முதல் நாளே தெரியும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். ஆனால் அந்த வெண்ணெய் பெரிய கங்காணி வீட்டில் இருந்தது.

எங்கள் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருந்த சனத்தில் பாதிக்கு மேல் அவர் இந்தியாவிலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவந்த குடும்பங்கள். ஒரு காலத்தில் துரைக்கு அடுத்தது அவர்தான். சீமைக்குத் திரும்பிய பழைய துரையொருவரின் காரை வாங்கி, கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையுமாக அதில் போவார். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். என் தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்குப் பால் கொடுத்துவிட்டு அம்மா கொஞ்சம் பிந்தி வந்தாள். எல்லார் முன்னாலும் அவளை நிறுத்தி, "புள்ள பெத்தவளுக்கெல்லாம் முழுப்பேரு போட்டா தோட்டம் உருப்படுமா?" என்று கேட்டு, அரைநாள் சம்பளம்தான் என்று அரைப்பேர் போட்டார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். நானும் அங்கே இருந்தேன். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு மீசை முளைத்த பிறகும் அடங்கவில்லை.

பிறகு தொழிற்சங்கங்கள் வந்தன, கங்காணிமாரின் கை இறங்கியது. அவருடைய பிள்ளைகள் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். தோட்டத்தில் அவரோடு நின்று பேச ஆளில்லை. அவரும் சம்சாரமும் அந்தக் காரும்தான் மிச்சம். கண் மங்கிவிட்டதால் ஓட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அதுவும் எங்கள் ரேஸ் காரும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம். உடம்புதான் வேறு, முன் மட்கார்டு ஒரே மாதிரிதான்.

விஷயத்தைச் சின்னத்துரையிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "கேட்டுப் பாரு. இஷ்டமில்லேன்னா விட்டுரு. வயசான ஆளு, கஷ்டப்படுத்தாதே" என்றார். நான் போய் அந்த வாசலில் நின்றபோது சொன்னது வேறு.

"தொரை ஒங்க கார் மட்கார்டு ரெண்டையும் கழட்டிக்கிட்டு வரச் சொன்னாருங்க."

"வாங்க தம்பி, ஒக்காருங்க" என்றார் கிழவர். என் அப்பனை 'டேய்' என்பதைத் தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டறியாத வாய்! அந்தத் 'தம்பி' எனக்குத் தேனாக இனித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இனித்தது.

"தொரையே சொன்னாரா?"

"தொரையே சொல்லித்தான் வந்தேன்."

காரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தொரை சொன்னா இல்லேன்னா சொல்ல முடியும்? கழட்டிக்கங்க. ஒண்ணே ஒண்ணு தம்பி. நாங்களும் இந்தியாவுக்கு, ஊருக்கே போக எழுதிக் குடுத்திருக்கோம். போற அன்னைக்கு இந்தக் கார்லதான் டேசனுக்குப் போவேன். இம்புட்டு நாளு கார்ல திரிஞ்சவன் மூட்டை தூக்கிக்கிட்டு நடந்து எறங்குனான்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாது. அதுக்கு முந்தி மாட்டிக் குடுத்துருங்க."

"ரேசு முடிஞ்ச மறுநாளே மாட்டிர்றேங்க."

அவருடைய சம்சாரம் ஓடிவந்து, மட்கார்டில் இருந்த சந்தனப் பொட்டை முந்தானையால் துடைத்துவிட்டு, "இப்ப எடுத்துக்கப்பா" என்றார்.

பட்டறைக்குக் குறுக்குவழி இருந்தது. நான் அதில் போகவில்லை. இரண்டு மட்கார்டையும் தோளில் மாட்டிக்கொண்டு லயத்து வாசல் வழியாகவே சுற்றிப் போனேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று. "யாரோடதுடா அது?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். நான் லாபத்துக்குக்கூடப் பிடுங்கவில்லை.

வைத்ததும் பொருந்தியது. ஓட்டைக்கு ஓட்டை சரி. ஆனால் எங்கள் காரில் யாரோ முன்பு புகைக்குழாயைப் பக்கவாட்டில் வெளியே இழுத்துவிட்டிருந்தார்கள். மட்கார்டின் உள்விளிம்பு அதில் முட்டியது. தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து, உள்விளிம்பை ஒரு சாண் அகலத்துக்கு நீளமாக வெட்டியெறிந்தேன். பழைய போல்ட் ஓட்டைகளும் அதோடு போயின. புதிதாகத் துளை போட்டு மாட்டினேன். மற்றப் பக்கமும் அதற்கு ஜோடியாக இருக்க வேண்டுமென்று அதையும் வெட்டினேன். கேட்டால் வேண்டாமென்பாரோ என்று பயந்து கேட்காமல் வெட்டினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அவரைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அரைப்பேர் போடும்போது அவர் யாரைக் கேட்டார்?

நுவரெலியாவில், பந்தயத்தன்று காலையில், துரையின் கூட்டாளி ஒருவர் காரைச் சுற்றிவந்து பார்த்தார். மட்கார்டு உள்ள பிரிவில் நல்ல கார்கள் நிறைய வந்திருக்கின்றன, கழற்றிவிட்டு ஓடும் பிரிவில் சேர்ந்துகொள், பாரமும் குறையும் என்று யோசனை சொன்னார். துரை என் பக்கம் திரும்பி, "கழட்டு" என்றார். அவ்வளவுதான். நான் அலைந்து, பொய் சொல்லி, வெட்டி, துளைபோட்டு மாட்டியதை ஒரு சிகரெட் முடிவதற்குள் கழற்றிப் புல்லில் போட்டேன். கார் ஓடி முடித்துக் கடைசிக்கு முந்தியதாக வந்தது.

மட்கார்டுகள் திரும்பி வந்து பட்டறையில் பெஞ்சுக்கடியில் கிடந்தன. ஹட்டனில் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தால் ஒட்டுப்போட்டுப் பழைய இடத்தில் துளை வைத்திருக்கலாம். ஒரு நாள் வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கொண்டுபோய் மாட்டினால் வெட்டியது தெரிந்துவிடும். அவர் வீட்டு வழியாகப் போவதையே விட்டுவிட்டு மேல்பாதையில் சுற்றிப் போனேன். குற்றம் செய்தவனுக்கு நடை கூடுதல்தான்.

ஆடி மழை பிடித்திருந்த நாளில் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன். வீடு காலியாகியிருந்தது, இரும்புப் பெட்டிகள் கட்டி வைத்திருந்தன.

"நாளைக்குக் கெளம்புறோம் தம்பி. தலைமன்னார்ல கப்பலு. நீங்கதான் கார ஓட்டிக்கிட்டு வரணும். மட்கார்டு..."

"தொரை கொழும்புக்குப் போயிட்டாருங்க. மட்கார்டு அந்தக் கார்லதான் மாட்டியிருக்கு." துரை அந்த நேரம் பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்தார்.

கிழவர் ஒரு பெட்டியின் கயிற்றை இழுத்து இறுக்கினார். பிறகு, "சரி விடுங்க. நீங்க என்னா செய்வீங்க பாவம்" என்றார். என்னைப் பார்த்துப் பாவம் என்றார்!

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. அவர் கறுப்புக் கோட்டைப் போட்டு, கஞ்சி போட்ட தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சம்சாரம் பட்டுச் சேலையோடு பின்னால், பெட்டிகளுக்கு நடுவில். காரின் கூடாரத் துணி எப்போதோ இற்றுப்போயிருந்தது. மேலே வானம்தான். லயத்துக்குக் கீழே பாதை களிமண். ராத்திரி மழையில் அது கூழாகிக் கிடந்தது. வேகத்தைக் குறைத்தால் சக்கரம் புதைந்துவிடும், கூட்டினால் சேறு பறக்கும். மட்கார்டு என்று ஒன்றை எதற்குச் செய்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாதையின் இரண்டு பக்கமும் சனம் நின்றது. வழியனுப்ப வந்ததாகச் சொல்ல முடியாது, பார்க்க வந்தார்கள். கிழவர் அவர்களைப் பார்த்தார். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கூப்பினார். லயத்துச் சனத்தை அவர் கும்பிட்டதை அதற்கு முன்னால் ஒருவரும் கண்டதில்லை. நான் அதே நேரத்தில்தான் சேற்றில் வேகத்தைக் கூட்டினேன். இரண்டு முன் சக்கரமும் அள்ளி அள்ளி எறிந்தன. தலைப்பாகை, கோட்டு, முகம், கூப்பிய கை எல்லாம் சேறு. பின்னால் பட்டுச் சேலையிலும் அடித்தது. முதலில் ஒரு பிள்ளை சிரித்தது, பிறகு எல்லாரும். என் அம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. அவளைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"நிப்பாட்டட்டுங்களா?" என்றேன்.

"நிப்பாட்டாதீங்க. ஓட்டுங்க." கூப்பிய கையை அவர் இறக்கவில்லை. லயம் மறைகிற வரைக்கும் அப்படியே வைத்திருந்தார்.

ஹட்டன் ஸ்டேஷனில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தம்மா ஈரத் துண்டை எடுத்துத் துடைக்கப் போனார். "விடு" என்று கையைத் தட்டிவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த, வாத்தியார் மாதிரித் தெரிந்த ஒருவர் தன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து இடம்விட்டார். கிழவர் உட்காரவில்லை. கொஞ்சநேரம் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"கேக்கணும்னு இருந்தேன் தம்பி. ரேசுல நம்ம மட்கார்டு என்னாச்சு?"

அந்த ஒரு கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். "மொதலா வந்துச்சுங்க" என்றேன்.

"மொதலாவா!" அவர் முகம் விரிந்ததில் கன்னத்துச் சேறு வெடித்தது. பெஞ்சுக்காரரிடம் திரும்பினார். "கேட்டீங்களா? நுவரெலியா ரேசுல மொதலா வந்தது நம்ம கார் மட்கார்டு. தொரை கேட்டாரு, குடுத்திருக்கோம். அதான் இந்தச் சேறு." அந்த மனிதர் எழுந்து, "அப்படிங்களா, உட்காருங்க ஐயா" என்றார். கிழவர் உட்கார்ந்து, சம்சாரத்திடம் துண்டுக்குக் கையை நீட்டினார்.

ரயில் வந்ததும் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னலில் கையை வைத்து என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தொரைகிட்டச் சொல்லுங்க. மட்கார்ட திருப்பித் தர வேணாம், அவரே வச்சுக்கட்டும். ராசியான சாமான்."

"சொல்றேங்க" என்றேன்.