பெல்ட்டுக்கு அடியில் வளர்ந்த சதை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை தூக்க வந்தேன். பிறகு அதே கமிட்டியில் நெல்லுக்கும் மணிலாக்கொட்டைக்கும் விலை சொல்கிற வியாபாரி ஆனேன். யார் தயவும் கிடையாது. இதை நான் சொல்லாத நாளில்லை. கேட்டுக் கேட்டு என் மருமகளுக்கே மனப்பாடம்.

போன வருஷம் தொண்டையில் கட்டி வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரன்ட் வைத்தார்கள். கட்டி கரைந்தது, ஆனால் தொண்டை புண்ணாகித் தண்ணீர்கூட இறங்கவில்லை. அதனால் தொப்புளுக்கு மேலே இடப்பக்கமாக ஒரு துளை போட்டு, இரைப்பைக்குள் ரப்பர் டியூப் வைத்து அனுப்பினார்கள். பாலும் வடிகட்டிய கஞ்சியும் அதன் வழியாகத்தான். மருமகள் பெரிய சிரிஞ்சில் ஊற்றுவாள். நான் இரண்டு பொத்தானுக்கு நடுவே டியூப்பின் நுனியை மட்டும் வெளியே நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துளையைத் துடைக்க அவளை விட்டதில்லை.

"அத நான் பாத்துக்கிறேம்மா. நீ போ."

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. ஓரத்தில் கசிகிறது என்று பஞ்சை வைத்து அடைத்தேன். அதன்மேல் பிளாஸ்டிக் கவரை மடித்து வைத்தேன். அதற்கும்மேல், முதல் முதலாகச் சம்பாதித்த காலத்திலிருந்து நான் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டைத் தூக்கிக் கட்டி இறுக்கினேன். வெளியே வெள்ளைச் சட்டை. கண்ணாடியில் பார்த்தால் பழைய ஆள்தான். வயிற்றில் பால் ஊற்றிப் பிழைக்கிறவன் என்று கமிட்டியில் ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

டீ நீட்டினால் என்ன செய்வது? "மேல்மலையனூர் அம்மனுக்கு விரதம், அமாவாசை வரைக்கும்" என்றேன். அமாவாசை வந்து போயிற்று. அடுத்த அமாவாசை வரைக்கும் என்று நீட்டினேன். அம்மன் பெயரைச் சொல்லிப் பொய் பேசுகிறோமே என்று உறுத்தியது. ஆனால் அந்தப் பொய்க்குக் கிடைத்த மரியாதை உறுத்தலை அமுக்கிவிட்டது.

என்ன மரியாதை என்றால், நான் மூட்டை தூக்கிய காலத்தில் பெரிய வியாபாரிகளிடம் பேசும்போது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவோம். இப்போது அதெல்லாம் இல்லை. நேற்று வந்த பையன் பாக்கை மென்றுகொண்டே விலை பேசுகிறான். அப்படிப்பட்ட இடத்தில், என் கிட்டே வந்ததும் மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி துண்டை எடுத்து வாயைப் பொத்தினான். மற்ற ஆட்களும் பொத்தினார்கள். பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன்: "இன்னும் எம்மேல எவ்ளோ பயபக்தி வெச்சிருக்கானுங்க பாரு." அவள் சிரிஞ்சைக் கழுவப் போனாள்.

பெல்ட்டுக்கு அடியில் அரிப்பு தாங்கவில்லை. தராசுக்குப் பின்னால் போய் நின்று சொறிவேன். ஒருநாள் மருமகள் என் பனியனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா மாமா இது, ரத்தம்?"

"வேர்க்குரும்மா. சொறிஞ்சிட்டேன்."

"வேர்க்குரு இப்படி நாறுமா? கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஊரிலேயே இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி. அங்கிருந்த சிஸ்டர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, "தாத்தா, பெல்ட்டக் கழட்டுங்க" என்றாள். என்னைத் தாத்தா என்று கூப்பிட்டதற்கே எனக்குக் கோபம். நான் அசையாமல் கிடந்தேன். அவளே கழற்றி, பிளாஸ்டிக்கைத் தூக்கினாள்.

வாடை எழும்பியது. புளித்த பாலும் ஊறிய துணியும் கலந்த வாடை. பழகிப்போனதால் அதுவரை உறைக்கவில்லை, அன்றுதான் எனக்கும் தெரிந்தது. சிஸ்டர் மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டாள். மருமகள் முந்தானையால் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினாள்.

என் மருமகள் எனக்கு வாய் பொத்தி மரியாதை செய்கிறவள் அல்ல.

மேஸ்திரியின் துண்டு நினைவுக்கு வந்தது. பெஞ்சில் விட்ட இடம் நினைவுக்கு வந்தது. கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வயிற்றைவிட முகம்தான் எரிந்தது.

சிஸ்டர் தன் வேலையைப் பார்த்தாள். டியூப்பைச் சுற்றி ஈரமாக, செக்கச்செவேலென்று சதை முண்டியிருந்தது. பஞ்சு பட்டாலே ரத்தம் கசிந்தது.

"டியூப் ஆடி ஆடி ஒரசியிருக்குது, அதான் சதை வளந்துடுச்சி. சுத்தி செவப்பா, ஓரத்துல பொடிப்பொடியா இருக்குதே, இது பூஞ்சை. காத்தே போவாம அடச்சி வெச்சா ஊறுகா மேல பூக்குதில்ல, அது மாதிரி. யாரு தாத்தா இப்படிக் கட்டச் சொன்னது?"

மருமகள் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

டாக்டர் வந்தார். நல்ல தோலில் வாஸ்லின் தடவிவிட்டு, தீக்குச்சி மாதிரி நீளமான மருந்துக்குச்சியால் அந்தச் சதையை மட்டும் தொட்டார். தொட்ட இடம் சாம்பலாக வெளுத்து, பிறகு கறுத்தது. பூஞ்சைக்குக் களிம்பு தந்தார். டியூப் ஆடாமல் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார். துளையைச் சுற்றித் தண்ணீரால் கழுவி ஒற்றி உலர்த்தவேண்டும். மெல்லிய துணி ஒன்றே போதும், நனைந்தால் உடனே மாற்றவேண்டும். பெல்ட் கூடாது.

"பெல்ட் இல்லாம எப்படி டாக்டர் வெளிய போறது?"

"இப்படியே உட்டா டியூப்ப எடுத்துட்டு வேற எடத்துல ஓட்ட போடணும். பரவால்லையா?"

அன்றிலிருந்து மருமகள்தான் கழுவினாள். முதல்நாள் நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அசையாதீங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே ஒற்றித் துடைத்தாள். இன்னும் சில தடவை மருந்துக்குச்சி பட்டுச் சதை வற்றியது. அரிப்பு நின்றது, வாடை போயிற்று. கமிட்டிக்குப் போகத்தான் கால் வரவில்லை.

மருமகள் பெரிய அளவில் ஒரு சட்டை வாங்கிவந்தாள். அதைப் போட்டுக்கொண்டு, பெல்ட் இல்லாமல் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். டியூப் இருக்கிற இடம் சட்டையில் லேசாகப் புடைத்துத் தெரிந்தது. மேஸ்திரி வந்தான். துண்டு தோளிலேயே கிடந்தது. பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்னா மொதலாளி, ஆளையே காணம்?"

விரதம் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். டீக்காரரைக் கூப்பிட்டு, "இவனுக்கு ஒரு டீ. எனக்கு வேணாம்" என்றேன்.

மேஸ்திரி ஏன் என்று கேட்கவில்லை. டீயை வாங்கி, என் சட்டையின் புடைப்பைப் பார்க்காமல் எதிரே இருந்த மூட்டைகளைப் பார்த்தபடி ஊதி ஊதிக் குடித்தான். நானும் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.