பிராசஸரின் முகம் எந்தப் பக்கம்?

சர்வரில் கூடுதல் பிராசஸர் பொருத்துவது சின்ன வேலை; அதைப் பொருத்த விடுகிற மனிதர்களைத் தேடுவதுதான் எங்கள் தொழில். பெட்டியைத் திறந்து பிழைக்கும் சகபாவிகளே, உங்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஆபீஸின் பெரிய கம்ப்யூட்டருக்கு ஒரு மூளை போதாதபோது, பக்கத்துக் காலியிடத்தில் இன்னொரு மூளையை வைப்போம். அவ்வளவுதான்.

போன வருடம் நான் பயந்து பயந்துதான் வேலை பார்த்தேன். பாங்க் ஆபீசரான என் மனைவி உஷாவைச் சென்னைக்கு மாற்றிவிட்டார்கள். மகளும் அவளோடு போய்விட்டாள். இங்கே வங்காளத்தில், டாக்குரியா ஃப்ளாட்டில் நான் மட்டும். நானும் மாற்றல் கேட்டேன். எங்கள் மேனேஜர் தாஸ் பாபு ஒரு நிபந்தனை போட்டார். "வருஷம் முழுக்க ஒரு கஸ்டமர்கிட்டேர்ந்தும் புகார் வரக்கூடாது மணி. வரலேன்னா, ஹோபே, ஹோபே." ஹோபே என்றால் வங்காளியில் 'நடக்கும்'. எப்போது நடக்கும் என்று கேட்பது இந்த ஊரில் மரியாதையில்லை.

ஜோடிப் பொருத்தம்

ஒரே போர்டில் உட்காரும் இரண்டு பிராசஸர்களும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். இதை ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரிக்கு மூன்று முறை போனில் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால், உள்ளே இருப்பதைவிடப் புதிய, வேகமான மாடலை வாங்கி வைத்துக்கொண்டு பூரித்துப்போய் நிற்கிறார். இது சேராது என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சிரிப்பு தொண்டைவரை வந்தது. சென்னையை நினைத்து விழுங்கினேன். அவர் அண்ணன் முறை வைத்து என் தோளில் தட்டிச் சொன்னார்: "போட்டு வைங்க தாதா, பழசு புதுசைப் பார்த்துக் கத்துக்கும்."

ஓடும்போதே

பாலிகஞ்சில் ஒரு ஆபீஸ். கணக்குப் பிரிவின் தலைவர் கிருஷ்ணன் சார் நம்மவர். என் பெயரைக் கேட்டதும் ஃபில்டர் காபி வந்தது, ஊர் விசாரணை நடந்தது, உறவுகூடக் கண்டுபிடித்துவிடுவார் போலிருந்தது. சர்வரை நிறுத்த வேண்டும் என்றதும் மட்டும் முகம் மாறிவிட்டது. நிறுத்தினால் பில் போட முடியாதாம். கரண்ட் ஓடும்போது கை வைத்தால் சர்வரும் போகும், நானும் போவேன் என்று விளக்கினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நம்மாளா இருக்கேள், ஓடறச்சயே மெதுவாச் சொருகிடுங்கோ, நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

பொட்டு

சால்ட் லேக்கில் முகர்ஜி பாபுவின் கம்பெனி. சர்வரை நிறுத்த அவர் சம்மதித்த ஒரே நாள் விஸ்வகர்மா பூஜை. நம் ஆயுத பூஜை மாதிரிதான். இயந்திரங்களுக்கெல்லாம் அன்றைக்கு ஓய்வு. ஆனால் ஆயுதங்களையும் அன்றைக்குத் தொடக் கூடாது என்பது, பெட்டியைத் திறந்த பிறகுதான் உறைத்தது. புரோகிதர் வந்து என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி, கழுவி, சாமி காலடியில் வைத்துவிட்டார்.

கெஞ்சி அதை வாங்கிக்கொண்டு திரும்பினால், முகர்ஜி பாபு புது பிராசஸரைத் திருப்பிப் பிடித்து, அடிப்பக்கம் தங்க நிறத்தில் மின்னும் புள்ளிகளின் மேல் பக்தியோடு குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறார். போர்டைத் தொட வேண்டிய இடமே அதுதான். என் மாற்றல் குங்குமத்தில் கரைவதைக் கண்ணால் பார்த்தேன். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்துப் பொருத்தி, சுவிட்சைப் போட்டேன். நல்லவேளை, ஓடியது. ஏன் சார் இந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "தங்கமா ஜொலிக்கிற பக்கம்தானே முகம்? பொட்டை முதுகுலயா வைப்பாங்க?"

இரண்டாமவன்

அடுத்த வாரமே முகர்ஜி பாபு கூப்பிட்டார். வேகம் கூடவில்லையாம். புகார் வருவதற்குள் ஓடினேன். போய்ப் பார்த்தேன். அவர்களுடைய பழைய சாஃப்ட்வேருக்கு ஒரு பிராசஸரிடம் மட்டுமே வேலை வாங்கத் தெரியும். ஒன்று மாடாய் உழைக்கிறது, மற்றது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். முகர்ஜி பாபு கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தன் ஆபீஸை ஒரு சுற்றுப் பார்த்தார். டீ கோப்பையும் அரட்டையுமாக இருந்தது. அவர் முகம் தெளிந்தது. "அப்படிச் சொல்லுங்க மணி பாபு! எங்க ஆபீஸ் வழக்கத்தை ஒரே வாரத்துல கத்துக்கிச்சே!"

பாராட்டு

புகார் வரவில்லை. முகர்ஜி பாபு தாஸ் பாபுவுக்குப் போன் செய்து என்னைப் புகழ்ந்து தள்ளினார். பூஜையை மதிக்கிற பையனாம், பொய்யே சொல்லாதவனாம். வருடம் முடிந்தது. நான் பெட்டி கட்டுகிற நினைப்போடு மேனேஜர் அறைக்குள் போனேன். தாஸ் பாபு எனக்கு ரசகுல்லா கொடுத்தார். அதை வாயில் போட்டதும் சொன்னார்: "உன்னை அனுப்பிட்டா, அடுத்த விஸ்வகர்மா பூஜைக்கு முகர்ஜி பாபு வைக்கிற பொட்டை யார் துடைப்பாங்க?"

புகார் வந்தால் சென்னை கிடையாது, பாராட்டு வந்தால் கிடையவே கிடையாது என்பது புரிந்து, ஊரெல்லாம் பிராசஸர்களை ஜோடி சேர்த்துவிட்டு, டாக்குரியாவில் ஒண்டியாக உலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.