அப்பா வைத்த கார் பரீட்சை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றப் பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு மட்டும் பரீட்சை. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, காரின் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு அப்பா கேள்வி கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு ஒன்பது வயது.

கார் புதுசு. கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்துவந்த வெள்ளை செடான். அம்மா தன் பங்குக்கு மீட்டர் பக்கத்தில் ஒரு குட்டிப் பிள்ளையாரை ஒட்டிவைத்தார். பிள்ளையாருக்குப் பின்னால் பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று. காரோடு வந்த கையேட்டை அப்பா புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே தந்துவிட்டார்.

"நீயே படிச்சிக்கம்மா. பாக்குறது உன் வேல, கேக்குறது என் வேல."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பள்ளியில் எந்த டீச்சர் என்னை நம்பி ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்?

டயரில் காற்று எவ்வளவு காட்டுகிறது? இஞ்சின் எண்ணெய் குச்சியில் எங்கே நிற்கிறது, என்ன நிறம்? இஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் போதுமா? அப்பாவின் கேள்விகள் இவ்வளவுதான். விடைகள் எல்லாம் கையேட்டில் படத்தோடு இருந்தன. எண்ணெய் தேன் நிறம். கூலன்ட் இரண்டு கோட்டுக்கும் நடுவில். நான் நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். எல்லாம் சரியாகச் சொன்னால், துருவிய ஐஸில் சிரப் ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் கிடைக்கும். அப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்பதால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாலும் சீனியும் இல்லாத தே ஓ தேநீர் குடிப்பார்.

"புள்ளய ஃபோர்மன் ஆக்காம விடமாட்டீங்க போல" என்று அம்மா மாடியிலிருந்து கிண்டல் செய்வார். எங்கள் ஊரில் மெக்கானிக்குக்கு ஃபோர்மன் என்றுதான் பெயர்.

ஒரு ஞாயிறு, கூலன்ட் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. பார்த்தேன். ஆனால் புத்தகத்தில் இருக்கும் விடை அதுவல்லவே! "ரெண்டு கோட்டுக்கும் நடுவுலப்பா" என்றேன். அப்பா சரி என்று தலையாட்டினார். ஐஸ் கச்சாங்கில் அன்று கடைக்காரர் சோளம் கூடப் போட்டுக்கொடுத்தார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நிபோங் திபாலில் அத்தை மகளுக்குப் பரிசம். அப்பாதான் தாய்மாமன். தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணையில் உட்காரவைக்க மாட்டார்கள். நல்ல நேரமோ பகல் பன்னிரண்டோடு முடிகிறது. அப்பாவுக்கு ஒரே ஒரு தங்கை. ஒரு வாரமாக வீட்டில் மாலையைப் பற்றித்தான் பேச்சு.

அம்மா சீர்த்தட்டுகளோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார். பூ நசுங்கக்கூடாதென்று அசையவே இல்லை. முன்னால் நான். எங்கள் தீவிலிருந்து கடல் பாலம் ஏறி அக்கரைக்குப் போனதும் ஏர்கோனில் அனல் வீச ஆரம்பித்தது. அப்பா சாலையைவிட்டுப் பார்வையை எடுக்காமல் கேட்டார்.

"மீட்டர்ல வெளக்கு ஏதும் எரியுதாம்மா?"

எரிந்தது. சிவப்பாக, தண்ணீரில் நட்டுவைத்த குச்சிபோல் ஒரு படம். ஆனால் பரீட்சைதான் ஆரம்பித்துவிட்டதே! எந்த விளக்கும் எரியக்கூடாது என்பது மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது.

"ஒன்னும் எரியலப்பா. எல்லாம் ஓக்கே."

வழியில் ஜுரு என்ற ஊரை நெருங்கும்போது முன்மூடிக்கு அடியிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. அப்பா ஓரமாக நிறுத்தினார். வழக்கமாகப் போகும் பட்டறைக்கு அம்மா போன் அடிக்க, ஃபோர்மன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சூடு தணியும்வரை முன்மூடியைத் தொடவிடவில்லை. அப்பா கைக்கடிகாரத்தை முகத்தருகே கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தார். அத்தை வேறு போனில் அழுதுகொண்டிருந்தார்.

"ஹோஸ் கிளிப் லூசு லா. கூலன்ட் கொஞ்சங்கொஞ்சமா ஒழுகியிருக்கு" என்றார் ஃபோர்மன். "செவப்பு வெளக்கு எரிஞ்சிருக்குமேண்ணே? பாக்கலியா?"

 அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"என்னமோ செவப்பா தெரிஞ்சிச்சி. சாமி வெளக்குன்னு நெனச்சிட்டேன்."

அம்மா சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். "சாமி வெளக்கு கெட்டுப்போயி ஒரு மாசமாச்சேங்க."

அப்பா மறுபடி கைக்கடிகாரத்தை முகத்தருகே கொண்டுபோனார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, லாரிகள் இரைகிற அந்த ஹைவே ஓரத்தில், மெதுவாகத்தான் கேட்டார்.

"எத்தன நாளா இப்படி?"

கிளிப் எத்தனை நாளாக லூசு என்று கேட்கிறார் என நினைத்தேன். அப்பா சாவியை அம்மா கையில் வைத்தார். அம்மாவிடம் லைசென்ஸ் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். கல்யாணத்துக்கு முன் எடுத்ததாம். ஃபோர்மன் கிளிப்பை முறுக்கி, கூலன்ட் ஊற்றி முடித்ததும், பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தார். சீர்த்தட்டுகள் அப்பா மடிக்குப் போயின. லாரியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்தின. அம்மா வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார்.

நாங்கள் போய் இறங்கியபோது பன்னிரண்டு ஆகக் கொஞ்ச நேரமே இருந்தது. "ஐயோ, அண்ணியா ஓட்டிட்டு வந்துச்சி!" என்று அத்தை அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தார். அப்பா மாலையைப் போட்டார். பெண்ணின் தோளைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் போட்டார்.

பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால்தானே அப்பாவிடமிருந்து சாவி போயிற்று? பாவம், எவ்வளவு ஆசையாக வாங்கிய கார்! அவர் காதருகே போய்க் கேட்டேன்.

"அப்பா, நான் ஃபெயிலா?"

"நீ இல்லம்மா" என்றார் அப்பா. "அப்பாதான் ஃபெயிலு."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

அடுத்த வாரத்திலிருந்து அம்மா அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை மட்டும் நிற்கவில்லை. அதே கேள்விகள், அதே ஐஸ் கச்சாங். இப்போது அம்மாவும் பக்கத்தில் நின்று எண்ணெய்க் குச்சியைத் துடைத்தார். "புக்குல இருக்குறத சொல்லாத, கண்ணுல படுறத சொல்லு" என்று அப்பா புதிதாக ஒரு விதி போட்டார். பரீட்சை கஷ்டமாகிவிட்டதாக எனக்குக் கோபம்கூட வந்தது.

இன்று எனக்கும் ஒரு செடான் இருக்கிறது. பக்கத்தில் அப்பா உட்கார்ந்து வருவார், பாலம் ஏறும்போது "வெளக்கு ஏதும் எரியுதாம்மா?" என்று கேட்பார். நான் குனிந்து ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த ஒன்பது வயதில், கேள்வி கேட்கிறவருக்கு விடை தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.